ஏழை சொல் ஏறாத அம்பலம்

"ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்னும் பழமொழியை நாம் அனைவரும் பள்ளிப் பருவத்திலே மனனம் செய்திருக்கிறோம். பரீட்சையில் அதற்குப் பொருள் எழுதினோம், புள்ளியும் பெற்றோம். ஆனால் அந்த அம்பலம் எத்தகைய கட்டடம், அதற்கு மரம் தறித்தவன் யார், அதில் அமர்ந்து பேசியவன் யார், அதன் ஓரத்தில் நின்று திரும்பியவன் யார் என்று நாம் கேட்டதில்லை. பழமொழியைக் கற்பித்த ஆசிரியரும் கேட்கவில்லை. அவருக்குக் கற்பித்தவரும் கேட்கவில்லை. கேளாமல் விடுத்த அக்கேள்வியை இன்று கேட்க விரும்புகிறோம்.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருந்தெருவில், மாத்தளை நகரைக் கடந்து வடக்கே சிறிது தூரம் சென்றால் பலாபத்வல என்னும் சிற்றூர் வரும். அதற்குத் தெற்கே, மாத்தளை நகரை அடுத்து, திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்றதாக மரபு கூறும் அளுவிகாரை இருக்கிறது. வடக்கே நாலந்தாவில் கெடிகே என்னும் பழைய கற்கோயில் இருக்கிறது. உல்லாசப் பிரயாணிகளின் வண்டிகள் முன்னதில் நிற்கும், பின்னதிலும் நிற்கும். பலாபத்வலையில் நிற்பதில்லை. நின்றாலும் ஒரு குவளை தேநீருக்காகவே நிற்கும். 'இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?' என்று வழிகாட்டிகள் கேட்பார்கள். கல்லிலே செதுக்கியதும் மன்னன் பெயரைத் தாங்கியதும் மட்டுமே பார்ப்பதற்கு உரியவை என்று நம்மைப் பழக்கிவிட்ட கல்வியின் குரல் அது.

இத்தெருவோரத்தின் கட்டட வரலாறு மூன்று கூரைகளின் வரலாறாகும் என்பது நமது கருத்து. முதலாவது, வழிப்போக்கருக்கும் ஊராருக்கும் பொதுவாக நின்ற மரச்சட்ட அம்பலம். இரண்டாவது, வெள்ளையர் ஆட்சியில் ஏலம் விட்டு நடத்தப்பட்ட சாராயத் தவறணை. மூன்றாவது, தோட்டத் தொழிலாளியை அடைத்து வைத்த லயம். முதலாவது கூரையைப் பற்றி அறிஞர்கள் நூல் எழுதினார்கள். இரண்டாவதைப் பற்றி நகைச்சுவை சொன்னார்கள். மூன்றாவதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இம்மூன்றையும் ஒரே வரலாறாகப் படிக்காதவரையில் நமது கட்டடக்கலை வரலாறு ஊனமுற்றதே என்று கூறத் துணிகிறோம்.

*

முதலில் அம்பலத்தைப் பார்ப்போம். சிங்கள மக்கள் அம்பலம என்று அழைக்கும் இக்கட்டடம் மலைநாட்டுப் பாதைகளின் ஓரத்திலும் வயல்வெளிகளின் நடுவிலும் ஒருகாலத்தில் மிகுதியாக இருந்தது. அதன் அமைப்பு எளியது. ஆயினும் அந்த எளிமைக்குள் நூற்றாண்டுகளின் அறிவு அடங்கியிருக்கிறது. சிறந்த அம்பலங்களில் அத்திவாரம் என்று ஒன்று தோண்டப்படுவதில்லை. மூலைகளில் பெரும் பாறாங்கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் சதுரமாகச் செதுக்கிய கனத்த மரங்களைக் கிடையாக வைத்து, மூலையில் ஒன்றையொன்று கவ்வும்படி பொருத்துவார்கள். அம்மரச் சட்டத்தின்மேல் தூண்கள் எழும், தூண்களின்மேல் விட்டம், விட்டத்தின்மேல் கைமரம், அதன்மேல் ஓடு. கல்லின்மேல் மரம் நிற்பதால் மழை ஈரமும் கறையானும் எளிதில் அணுகா. ஒரு தூண் உளுத்தால் அதை மட்டும் கழற்றி வேறொன்றை நிறுத்தலாம். அடிச்சட்ட மரமே ஆசனமுமாகும். நாற்புறமும் அமர்ந்தவர்கள் உள்நோக்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசலாம். கூரையின் மேற்பகுதி செங்குத்தாகவும் கீழ்ப்பகுதி சாய்வு குறைந்தும் இருக்கும். கண்டி நாட்டுக் கூரையின் இலட்சணம் அது. குருணாகல் மாவட்டத்துப் பனாவிட்டிய அம்பலம் இன்றும் இவ்வமைப்பைக் காட்டி நிற்கிறது. அளவில் அது சிறியது. ஆனால் அதன் தூண்களில் தச்சன் செதுக்கிய சிற்பங்கள் அரச மண்டபத்துக்கும் குறைந்தவை அல்ல.

இங்கிலாந்தின் கிராமங்களில் பழைய மரச்சட்ட மதுச்சாலைகள் உண்டு. தச்சன் தன் முற்றத்திலே ஓக் மரச் சட்டங்களை அறுத்துப் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு மூட்டிலும் உரோம எண்ணைக் கீறி, பிறகு கட்டுமிடத்துக்குக் கொண்டுசென்று அந்த எண்களின்படி எழுப்புவான். இடைவெளியை வரிச்சும் மண்ணும் கொண்டு நிரப்புவான். அந்நாட்டு வரலாற்றாசிரியர்கள் இம்மதுச்சாலைகளைப் பற்றி எழுதியவை ஏராளம். உத்திரத்தின் வயதென்ன, எந்த மன்னன் ஓர் இரவு தங்கினான், விடுதிக்காரர்களின் பெயர் வரிசை என்ன என்றெல்லாம் ஆராய்வார்கள். நமது நாட்டில் அம்மதுச்சாலைக்கு நிகராக ஊர்ப்பேச்சு நடந்த மரக்கூரை அம்பலமே. அங்கே பியர், இங்கே வெற்றிலை. வேறுபாடு அவ்வளவே.

இது நமது கற்பனை அன்று. 1660இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டில் வாழ்ந்து, 1679இல் தப்பியோடிய ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ் தன் நூலை 1681இல் வெளியிட்டான். வேலை ஒழிந்த நேரத்தில் ஊரார் அம்பலத்தில் கூடுவர், வெற்றிலை மென்றபடி கம்பீரமாக அமர்ந்திருப்பர், அரண்மனையில் மன்னனுக்கும் பிரதானிகளுக்கும் இடையே நடப்பதை அலசுவர் என்று அவன் எழுதுகிறான். குடிவெறியை அம்மக்கள் மிக வெறுத்தனர் என்றும் குறிப்பிடுகிறான். ஆகவே, குடியானவன் அரசியல் பேசிய இடம் அம்பலமே.

*

இவ்வளவில் நிறுத்திவிட்டால் நாமும் மற்றவர்களைப் போலாவோம். 'ஆகா, எத்தகைய பொற்காலம்! எத்தகைய கிராமிய ஒற்றுமை!' என்று பெருமூச்சு விட்டுக் கட்டுரையை முடித்துவிடலாம். பாடநூல்கள் அப்படித்தான் முடிக்கின்றன. ஆனால் அதே நொக்ஸ் வேறு செய்திகளையும் சொல்கிறான். சாதாரணக் குடிகள் தம் வீட்டை ஒரு மாடிக்கு மேல் உயர்த்தக் கூடாது; ஓடு வேயக் கூடாது; சுவருக்குச் சுண்ணாம்பு பூசவும் கூடாது. றொடியர் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்கு ஊர்க் கிணற்றிலே நீர் மொள்ளும் உரிமையும் இல்லை. கிணற்றுக்கே வரக்கூடாதவனுக்கு அம்பலத்தின் ஆசனத்தில் எந்த இடம் கிடைத்திருக்கும் என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

ஓட்டுக்கூரை அந்நாளில் ஒரு வர்க்கத்தின் உரிமைப் பத்திரமாக இருந்தது. அம்பலத்தின் ஓட்டைச் சுமந்தவன் தன் குடிசைக்கு வைக்கோலும் ஓலையுமே இட முடிந்தது. உத்திரத்தைச் செதுக்கிய தச்சன் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தினால் நிலத்தோடும் சாதியோடும் பிணைக்கப்பட்டிருந்தான். எம்பக்கே தேவாலயத்தின் மர மண்டபத்தைப் பார்க்கச் செல்பவர்களுக்குக் கூரையின் கோடியில் ஓர் அதிசயத்தைக் காட்டுவார்கள். இருபத்தாறு கைமரங்களின் முனைகள் ஒரே மர முளையில் வந்து கோத்து நிற்கின்றன. அந்த நுட்பத்துக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் அத்தச்சனின் பெயரைவிட மன்னனின் பெயரே முன்னே வந்து நிற்கிறது.

ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. மலைநாட்டுக் கைவினைஞனை மனிதனாக மதித்து, அவன் உளியையும் உழைப்பையும் பதிவு செய்த முதற்பெரும் அறிஞர் அவர். அந்நிய ஆட்சி அக்கலைகளை எவ்வாறு சிதைத்தது என்பதையும் அஞ்சாது எழுதினார். எனினும் நிலப்பிரபுத்துவ சமுதாயத்தை ஒரு குடும்பத்தைப் போல அவர் கண்டார். குடும்பத்திலே உண்பவன் யார், பரிமாறுபவன் யார் என்ற கேள்வியை அவர் அழுத்திக் கேட்கவில்லை. அவர் பெயரைச் சொல்லிப் பின்வந்தோர் அவருடைய உழைப்பை விட்டுவிட்டு அந்தக் கனவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இன்று உல்லாச விடுதிகளின் வாசலில் அலங்காரமாக எழும்பும் போலி அம்பலங்கள் அக்கனவின் மலிவுப் பதிப்புகளேயாம்.

*

அம்பலத்தின் காலம் எவ்வாறு முடிந்தது? 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதுவும் ஒரு மரத்தூண் மண்டபத்திலேயே நடந்தது; கண்டி அரண்மனையின் மகுல் மடுவ அது. பின்னர் காடுகள் அழிந்தன. கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. தோட்டங்களுக்காகத் தெருக்கள் வந்தன. 1830களின் தொடக்கத்தில் இராசகாரியத்தை ஒழித்ததாகப் பெருமை கொண்ட அதே ஆட்சி, 1848இல் வயது வந்த ஆண் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் தெரு வேலை செய்ய வேண்டும் அல்லது பணம் கட்ட வேண்டும் என்று சட்டம் இயற்றியது. நாய்க்கு வரி, துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி என்று வரிசையாக வந்தன. அவ்வாண்டு ஜூலை இறுதியில் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூட்டப்பட்டான். தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடைப்பட்ட இந்நாட்டுப்புறம் கொதித்தெழுந்தது. மாத்தளை நகர் தாக்கப்பட்டது. டொரிங்டன் தேசாதிபதி இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தான். ஆகஸ்ட் 8ஆம் நாள் புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டான். அரண்மனைச் செய்தியை அலசிய குடியானவன் ஆயுதமெடுத்தபோது அவனுக்குக் கிடைத்த மறுமொழி அது.

தெருவோடு தெருவாகத் தவறணையும் வந்தது. ஒவ்வொரு பகுதியிலும் சாராயம் விற்கும் ஏகபோக உரிமையை அரசாங்கம் ஏலம் விட்டது. கூடிய விலை கேட்டவன் குத்தகைக்காரனானான். அரசாங்கத்தின் முக்கியமான வருமானங்களுள் அதுவும் ஒன்றாயிற்று. இக்குத்தகைப் பணமே பின்னர் காணியாகவும் காரீயச் சுரங்கமாகவும் மாளிகையாகவும் உருமாறி, இலங்கையின் உள்ளூர் முதலாளி வர்க்கத்தின் வித்துக்களுள் ஒன்றானதைக் குமாரி ஜயவர்த்தனா 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே விரிவாக நிறுவியிருக்கிறார். 1904இலும் 1912இலும் எழுந்த மதுவிலக்கு இயக்கத்தின் மேடைகளில் தோன்றிய கனவான்கள் சிலரின் குடும்பச் செல்வத்திலேயே சாராயக் குத்தகை கலந்திருந்தது. குடிப்பவனுக்கு ஒழுக்கம் போதித்தார்கள். குடிக்க வைத்த ஏலத்தின் கணக்கைக் காட்டவில்லை.

இந்த இரண்டு கூரைகளின் வேறுபாட்டை மாணவர்கள் கவனிக்க வேண்டும். அம்பலத்துக்குக் கதவு இல்லை. தவறணைக்குக் கதவு உண்டு. அம்பலத்தில் விற்பனைக்கு ஒன்றுமில்லை. ஆகவே பூட்டும் வேண்டியதில்லை. தவறணையில் சரக்கும் காசும் உண்டு. ஆகவே சுவரும் பூட்டும் வேண்டும். அம்பலத்தின் தூணுக்குச் சிற்பம் தேவைப்பட்டது. ஏனெனில் அங்கே மனிதன் நெடுநேரம் அமர்ந்திருந்தான். தவறணைக்கு அழகு தேவைப்படவில்லை. ஏனெனில் அவன் காசைக் கொடுத்துவிட்டுப் போனாற் போதும். ஒரு சமுதாயம் பொதுவிடத்தை எவ்வாறு கடையாக மாற்றியது என்பதைக் கதவு என்னும் ஒரே உறுப்பைக் கொண்டே சொல்லிவிடலாம்.

*

இப்போது மூன்றாவது கூரைக்கு வருவோம்.

கோப்பிக் காலத்தில் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் விரட்டப்பட்ட மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வரண்ட காடுகளினூடே நூறு மைலுக்கு மேல் கால்நடையாக நடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு வந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவர்களைப் பாதையெங்கும் தின்றன. விழுந்தவனை விட்டுவிட்டுக் கூட்டம் நடந்தது. பலாபத்வல அமைந்திருக்கும் வடதிசைப் பாதையின் கடைசிக் கட்டத்தில் அவர்கள் கண்ட மலைகளே அவர்களுக்குக் காட்டப்பட்ட சொர்க்கம். வழிப்போக்கருக்கென்று அம்பலத்தைக் கட்டிய பழைய கிராமத்தவன் இத்தகைய வழிப்போக்கர் கூட்டத்தைக் கனவிலும் கண்டிருக்க மாட்டான்.

தோட்டத்தை அடைந்தவனுக்குக் கிடைத்த கூரை லயம். ஒரே நீண்ட கூரையின்கீழ் வரிசையாகக் காம்பராக்கள். பல இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை. அதனால் பின்புறச் சன்னலுக்கும் வழியில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது நமக்கெல்லாம் பழகிப்போன அளவு. முன்னே ஓர் ஒடுங்கிய இஸ்தோப்பு. அந்தப் பத்தடிக்குள்ளேயே அடுப்பு, படுக்கை, பிரசவம், சாவு எல்லாம் அடங்கின. கோப்பி 1869இல் தொடங்கிய இலைநோயால் அழிந்தது. தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் வந்தன. 1880இல் மாத்தளைக்கு இரயிலும் வந்தது. லயம் மட்டும் மாறவில்லை.

லயத்தின் வரைபடத்தை விரித்து வைத்து ஒரு கேள்வி கேட்போம். இதிலே பத்துப்பேர் கூடியிருந்து பேசுவதற்கு இடம் எங்கே? இல்லை. துரையின் பங்களா மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் லயத்தின் வாசல்கள் தெரியும். பெரட்டுக்களம் இருக்கிறது, அங்கே தொழிலாளி நிற்கலாம், பேச முடியாது. பேசுவதற்குரிய கூரை எதையும் தோட்டத்தைத் திட்டமிட்டவன் வரையவில்லை. அது மறதியினால் நேர்ந்ததன்று.

ஏன்? மனிதர்கள் கூடும் கூரை ஆளும் வர்க்கத்துக்கு எப்போதும் அச்சத்தைத் தருவது. இலண்டனில் சாதாரண உழைப்பாளிகள் வாக்குரிமை கேட்டுத் தொடங்கிய கடிதத் தொடர்புச் சங்கம் 1792 ஜனவரியில் முதன்முதற் கூடியது ஒரு மதுச்சாலையில். பொதுவுடைமையர் சங்கத்தின் இரண்டாவது காங்கிரஸ் 1847இன் இறுதியில் அந்நகரின் செஞ்சிங்கம் என்னும் மதுச்சாலையின் மாடியில் நடந்தது. மார்க்சும் எங்கெல்சும் தம் அறிக்கையை எழுதும் பொறுப்பைப் பெற்றது அங்கேதான். மதுச்சாலைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் உத்திரத்தின் வயதோடு நிறுத்திக்கொண்டால், அந்த உத்திரத்தின்கீழ்ப் பிறந்த சிந்தனையை வெளியே விட்டுக் கதவைச் சாத்துகிறவர்கள் ஆவார்கள்.

நமது தோட்டங்களில் அத்தகைய கூரை மறுக்கப்பட்டது. வெளியார் உட்புகுவதைத் தோட்ட நிர்வாகம் தடுத்தது. 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய கோ. நடேசய்யர், துணி விற்பவரைப் போல் வேடமிட்டுத் தோட்டத்துக்குள் புகுந்ததாகச் சொல்வார்கள். அவர் துணைவியார் மீனாட்சி அம்மாள் பாடல்களாலே மக்களைத் திரட்டினார். கூரை இல்லாத இடத்தில் பாட்டே கூரையாயிற்று. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலீஸ் குண்டுக்குப் பலியானார். மாரியம்மன் கோயில் வாசலிலும், பீலிக்கரையிலும், காமன் கூத்து நடக்கும் மைதானத்திலும், சம்பள நாளில் தவறணை ஓரத்திலும் அம்மக்கள் தமக்கென ஓர் அம்பலத்தை அமைத்துக் கொண்டார்கள். அதற்குத் தூண் இல்லை, ஓடு இல்லை, ஆகவே எந்தக் கட்டடக்கலை நூலிலும் அது இடம்பெறவில்லை.

*

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், புராதன சின்னத்துக்கு ஓர் எல்லை வகுத்தது. அந்த எல்லை 1815 மார்ச் 2. அதற்கு முற்பட்ட கட்டடம் புராதன சின்னம். பிற்பட்டதற்குப் பாதுகாப்பு வேண்டுமானால் அமைச்சர் தனியே கட்டளையிட வேண்டும். கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான அந்நாளோடு நாட்டின் வரலாறு முடிந்துவிட்டது போலும்! தோட்டத் தொழிலாளியின் கை பட்ட கல்லும் மரமும் யாவும் அந்நாளுக்குப் பிற்பட்டவை. ஆகவே அவன் எழுப்பியதில் ஒன்றேனும் இயல்பாகவே வரலாறு ஆகிவிட முடியாது.

எட்டு ஆண்டுகள் கழித்து வந்த 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை இதன் அருகில் வைத்துப் படியுங்கள். தந்தை இம்மண்ணில் பிறந்தார் என்று காட்டு; இல்லையேல் பாட்டனும் முப்பாட்டனும் பிறந்தார்கள் என்று காட்டு என்றது அச்சட்டம். பிறப்புப் பத்திரம் என்பதைக் கண்டறியாத மக்களிடம் முப்பாட்டனின் பத்திரம் கேட்டார்கள். கட்டடத்துக்கும் ஒரு திகதி; மனிதனுக்கும் ஒரு தலைமுறைக் கணக்கு. இரண்டின் தர்க்கமும் ஒன்றே. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மிகுந்த 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்றது. கூரையைப் பிரித்து ஓட்டைப் பங்கிடுவது போல மக்களைப் பங்கிட்டார்கள்.

நாலந்தா கெடிகேயை இங்கே நினைவூட்டுகிறோம். 1970களில் போவத்தென்ன நீர்த்தேக்கத்தின் நீர் அதனை மூழ்கடிக்கும் நிலை வந்தபோது, கற்கோயிலைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, மேட்டு நிலத்தில் முன்போலவே அடுக்கி நிறுத்தினார்கள். அது மிக நல்ல காரியம், நாம் பாராட்டுகிறோம். ஒரு கல்லும் இடம் மாறாமல் காப்பாற்ற இந்நாட்டுக்குத் திறமை உண்டு என்பதற்கு அது சாட்சி. குறை திறமையில் இல்லை. எதனைக் காப்பாற்றத் தக்கது என்று கருதுகிறோம் என்பதிலேதான் இருக்கிறது.

1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. கொடி மாறியது, பெயர்ப்பலகை மாறியது. அண்மை ஆண்டுகளில் ஏழு பேர்ச் காணியில் தனிவீடுகள் சில கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றை வரவேற்கிறோம். ஆனால் லயத்திலே இன்றும் வாழும் குடும்பங்களோடு ஒப்பிடுகையில் அவை மிகச் சிலவே. மறுபுறம், பழைய துரைமார் பங்களாக்கள் 'பாரம்பரிய' விடுதிகளாக மெருகேற்றப்படுகின்றன. துரை சாய்ந்திருந்த நாற்காலி பாரம்பரியம். அதற்குத் தேநீர் கொண்டுவந்தவளின் காம்பரா வெறும் சேரி. இதுவே இன்றைய கட்டடக்கலை இரசனை.

*

நமக்கு மறுப்புரை கூறுவோர் உண்டு.

'லயம் ஒரு வெட்கம். அதை இடித்துத் தள்ளாமல் வரலாறு எழுதுவதா?' என்பார் சிலர். இடிக்க வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. அதில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உறுதிப்பத்திரத்தோடு காணியும் வீடும் தரப்பட வேண்டும். அதுவே முதற் கடமை. ஆனால் அளவெடுக்காமல் இடித்தால் குற்றத்தின் தடயமும் சேர்ந்து அழியும். நாளை ஒரு பிள்ளை தன் பாட்டி எத்தகைய அறையிலே பிறந்தாள் என்று கேட்டால், காட்டுவதற்கு ஒரு வரைபடமும் இராது. துரையின் பங்களாவுக்கு மட்டும் புகைப்பட நூல் இருக்கும். குடியிருப்பதற்காக லயத்தைக் காக்கச் சொல்லவில்லை. சாட்சியாகப் பதிவு செய்யச் சொல்கிறோம்.

'அம்பலம் என்பது தமிழ்ச் சொல். ஆகவே அம்பலமவும் நமதே' என்று நெஞ்சு நிமிர்த்துவோரும் உளர். சொல் நமதாக இருக்கலாம். வடக்கிலே மடமும் சுமைதாங்கியும் கட்டிய மரபும் நமக்கு உண்டு; பருத்தித்துறைத் தெருமூடி மடம் இன்றும் நிற்கிறது. ஆனால் தேநீர்க் கடையிலே தனிக் குவளை வைத்தவர்களும் நம்மவரே. சமூகக் குறைபாடுகளை ஒழிக்கும் சட்டம் 1957இலேயே வந்திருந்தும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலை மறித்து நின்றவர்களும் நம்மவரே. அம்பலத்தின் பெயருக்கு உரிமை கோருவதற்கு முன், அதன் படியை யாருக்கெல்லாம் மறுத்தோம் என்று கணக்குக் காட்டுவோம்.

'வயிற்றுக்கில்லாத காலத்தில் உத்திரமும் தூணும் பேசுவது வீண்' என்பார் வேறு சிலர். இவர்கள் நம் தோழர்கள். ஆகவே பொறுமையாக மறுமொழி கூறுகிறோம். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் தொழிலாளியைப் பார்த்து நீ நேற்று வந்தவன் என்று சொல்லுகிற துணிவு எதிராளிக்கு எங்கிருந்து வருகிறது? அவன் கட்டியதை வரலாறு என்று ஏற்காத நூல்களிலிருந்தே வருகிறது. கூலிக்கான போராட்டமும் நினைவுக்கான போராட்டமும் இரண்டல்ல.

*

ஆகவே, இவ்விதழைப் படிக்கும் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். பெருந்தொகை வேண்டாம்; பல்கலைக்கழக அனுமதி வேண்டாம். ஓர் அளவு நாடா, ஒரு கொப்பி, ஒரு பென்சில் போதும். பலாபத்வலையானாலும் சரி, உங்கள் ஊர் எதுவானாலும் சரி, அங்கே எஞ்சியிருக்கும் பழைய மரக்கூரை ஒவ்வொன்றையும் அளந்து வரையுங்கள். அம்பலம் இருந்தால் அதன் மூட்டுக்களை வரையுங்கள். அதனருகில் வாழும் சிங்களக் குடியானவரிடம் அதன் கதையைக் கேளுங்கள். அவர் நம்மைவிட நன்றாக அறிவார். பழைய தவறணைக் கட்டடம் இருந்தால் அதன் கதவையும் பூட்டையும் வரையுங்கள். லயத்துக்குச் சென்றால் அனுமதி கேட்டு உள்ளே செல்லுங்கள். காம்பராவின் நீளம், அகலம், உயரம், கதவு, சன்னல் எல்லாம் குறியுங்கள். அதில் எத்தனை பேர் வாழ்ந்தார்கள், எத்தனை தலைமுறை வாழ்ந்தது என்று அங்கே இருக்கும் மூதாட்டியைக் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். திருத்த வேண்டாம், இலக்கணம் பார்க்க வேண்டாம். தமிழ் மாணவனும் சிங்கள மாணவனும் நாடாவின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு ஒரே சுவரை அளப்பார்களானால், நூறு மேடைப் பேச்சால் வராத புரிதல் அங்கே வரும்.

அவ்வாறு எழுதிய கொப்பிகளைப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். மன்னன் பெயரைப் பாடமாக்கும் வகுப்பில், காம்பராவின் அளவையும் பாடமாக்குங்கள். இருபத்தாறு கைமரங்களை ஒரே முளையில் கோத்த தச்சனும், பத்தடிக் காம்பராவில் பன்னிரண்டு பேரை வளர்த்த பெயரில்லாத் தாயும் ஒரே பாடநூலின் ஒரே பக்கத்தில் இடம்பெறட்டும்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்றார்கள். அம்பலத்தைக் கட்டியவனே ஏழை என்பதை அப்பழமொழி சொல்லவில்லை. தன் தோளில் தூக்கி நிறுத்திய தூணின் நிழலிலே அவன் சொல் இனியாவது ஏறட்டும்.